என் கையெழுத்து செல்லாத கடிதம்

பதினாறு வயதில் என் மகளின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. மதுரையில் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். பரிசோதனை போக மிஞ்சிய துண்டை உறைய வைத்து, ஆராய்ச்சிக்காகத் திசு வங்கியில் சேமிக்கலாமா என்று ஒரு படிவத்தை நீட்டினார்கள். அன்று எதை நீட்டியிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். சாதாரணக் கட்டிதான் என்று முடிவு வந்தது; கொடைக்கானலுக்குத் திரும்பினோம்.

இரண்டு வருடம் கழித்து, நான் வேலை பார்க்கும் பள்ளியில், ஆசிரியர் அறைப் பேச்சு இதைத் தொட்டது. சில நாடுகளில் மறுத்து எழுதித் தராவிட்டால் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்களாம். வேறு சில நாடுகளில் ஒவ்வொரு ஆராய்ச்சிக்கும் தனித்தனியாகக் கேட்பார்களாம்.

"ஒங்க பிள்ளையோடது இப்ப எந்தத் தேசத்துல கெடக்கோ, டீச்சர்?" என்று சிரித்தார் அறிவியல் ஆசிரியை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளிடம்கூடச் சொல்லாமல், அந்தத் துண்டை அழித்துவிடும்படி அன்றே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

திசு வங்கியிலிருந்து போன் வந்தது. "பிள்ளைக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சுங்கம்மா. இனிமே அவங்கதான் எழுதித் தரணும்."

"பெத்தவ நான் சொல்றேன்ல?"

"எங்க நெறிமுறைக் கமிட்டி ஏத்துக்காதுங்க."

என் கடிதத்தையும் ஒரு புதிய படிவத்தையும் அவள் பெயருக்கே அனுப்பிவைத்தார்கள்.

"ஏம்மா, என் முடிய வெட்டவே எங்கிட்டக் கேப்ப. இத மட்டும் கேக்காம அழிக்கச் சொல்லிருக்க?" என்றாள்.

"வெளிநாட்டுக்கு அனுப்பிட்டா?"

"அதுக்குத் தனியா அனுமதி வாங்கணுமாம், இதுல போட்டிருக்கு. அனுப்புனா அனுப்பட்டும், நான் பாக்காத ஊர அதாவது பாக்கட்டும்."

வைத்துக்கொள்ளலாம் என்று குறித்து, கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் அதே இடம் மறுபடி தடித்தது. புதிதாக எடுத்த துண்டைப் பார்த்த மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முன்பு இல்லாத ஒரு சோதனை இப்போது வந்திருக்கிறது, அதில் இரண்டையும் ஒப்பிட வேண்டும், உறைய வைத்த பழைய திசு இருந்தால் நல்லது என்றார்.

"இருக்கு சார்," என்றாள் மகள், என்னைப் பார்க்காமல்.

பதினொரு நாள் காத்திருந்தோம். பழைய கட்டியின் மிச்சம்தான் வளர்ந்திருக்கிறது, புற்றுநோய் இல்லை என்றார்கள்.

திரும்பும்போது வத்தலக்குண்டில் அவள் கொய்யாப்பழம் வாங்கி, பஸ் மலையேறும் வரை மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்றாள். அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அத்தனை நிம்மதி. ஆனால் அவளுக்குப் பதினெட்டு முடிந்த மூன்றாவது வாரத்தில்தான் அந்தக் கடிதத்தை எழுதியிருந்தேன். ஆசிரியர் அறையில் அந்தப் பேச்சு ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால், என் கையெழுத்து செல்லுபடியாகியிருக்கும்.

பெருமாள்மலை தாண்டியதும், "என்னம்மா, இப்படி இழுத்துப் போத்திக்கிற? குளிருதா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.