நட்சத்திரச் சப்பாத்தி

குழந்தைகளுக்குப் பிடித்த மாதிரி, சுலபமாக, பள்ளிக்கூடத்துக்கு என்ன கட்டிக் கொடுக்கலாம் என்று இப்போது பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகப் போடுகிறார்கள். கேரட் துருவிப் போடுங்கள், பார்க்க அழகாக இருக்கட்டும், டப்பா காலியாக வரும் என்கிறார்கள். காலியாகத்தான் வரும். யார் காலி செய்தது என்று அவர்கள் எழுதுவதில்லை. படிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பதுகளின் கடைசியில் திருநின்றவூரில் ஏரிப் பக்கம் குடியிருந்தோம். என் கணவருக்குப் பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில், ரப்பர் வாஷர் செய்யும் சின்னக் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரே பெண், இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். விடிவதற்குள் எழுந்து மூன்று பேருக்கும் டப்பா கட்டி வைத்துவிட்டு நான் ரயிலைப் பிடிக்க ஓடுவேன். அவள் அப்போது தூங்கிக்கொண்டிருப்பாள். அவளை எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்தில் விடுவது ஷிப்டைப் பொறுத்து அவரோ பக்கத்து வீட்டு அக்காவோ.

பெண் குச்சி மாதிரி இருந்தாள். டாக்டர் எடை பார்த்துவிட்டு, "வேலைக்குப் போறீங்க, சரி. குழந்தைக்குச் சோறு போடறீங்களா?" என்று என்னைக் கேட்டார். பக்கத்திலேயே நின்ற அவள் அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் வந்து டப்பாவைத் திறந்தால் காலையில் வைத்த சாம்பார் சாதம் கட்டி தட்டிப்போய் அப்படியே இருக்கும். அதைக் கொட்டும்போது வயிறு எரியும். அவள் மதியம் ஒருவேளை வயிறாரச் சாப்பிட வேண்டும். அந்த வருடம் எனக்கு வேறு எதுவும் பெரிதாக இல்லை.

மூளையைக் கசக்கிக்கொண்டு யோசித்தேன். தக்காளி சாதத்தில் தோல் வாயில் தட்டாமல் தக்காளியை வேகவைத்துப் பிழிந்து ஊற்றினேன். இட்லியைச் சின்னச் சின்னதாக வெட்டி நெய்யும் பொடியும் போட்டுப் புரட்டினேன். சப்பாத்தி மாவில் பீட்ரூட் சாறு விட்டுப் பிசைந்தேன். கம்பெனி டூல் ரூமில் இருந்த ஃபிட்டர் அண்ணனிடம் கேட்டேன். ஸ்கிராப் தகட்டை வளைத்து, ஓரத்தை ராவி, நட்சத்திர வடிவத்தில் ஒரு கட்டர் செய்து கொடுத்தார்.

"இன்னா தங்கச்சி, நாள் பூரா வாஷரப் பாத்துகினு கீறியே, சப்பாத்தியக் கூட வெட்டித்தான் துன்னுவியா?" என்று கிண்டல் வேறு.

தேய்த்த சப்பாத்தியில் அதை வைத்து அமுக்கினால் ரோஸ் நிறத்தில் குட்டிக் குட்டி நட்சத்திரங்கள் வரும். அவை அவள் டப்பாவுக்கு மட்டும்தான். வெட்டி மிஞ்சிய ஓரங்களை உருட்டித் தேய்த்துச் சுட்டு எங்கள் இருவருக்கும் வைத்துக்கொள்வேன்.

டப்பா காலியாக வர ஆரம்பித்தது. துடைத்து வைத்த மாதிரி காலி. ரயிலில் கூட வரும் பெண்களிடம் பீற்றிக்கொண்டேன். அவர்களும் செய்முறை கேட்டுப் போய்த் தங்கள் பிள்ளைகளுக்குச் செய்தார்கள். பெண்ணுக்கு எடை மட்டும் ஏறவில்லை. டாக்டர் பூச்சி மருந்து எழுதிக் கொடுத்தார்.

அந்த வருடம் மின்வெட்டு. எஸ்டேட்டில் ஞாயிற்றுக்கிழமை வேலை வைத்துவிட்டு வார நடுவில் லீவு விட்டார்கள். அப்படி வந்த முதல் லீவில், காலையில் வழக்கம்போல நட்சத்திரச் சப்பாத்தி கொடுத்தனுப்பியும் மனசு கேட்காமல், மதியத்துக்குச் சூடாகப் பருப்பு சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். கேட்டில் ஆயா நிறுத்தினாள்.

"இன்னாம்மா, ஊட்லேர்ந்து சுடச்சுட எட்துகினு வந்துகீற? உம்பொண்ணு டப்பாதான் டெய்லி மிஸ்ஸுக்குப் போவுதே. உனுக்குத் தெரியாதா?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டீச்சர் மேசை மேல் என் டப்பா. ஒரு நட்சத்திரத்தை எடுத்துக் குருமாவில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். என் பெண் கீழே உட்கார்ந்து டீச்சருடைய டப்பாவில் காய்ந்துபோன உப்புமாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை, கிண்டினாள், அவ்வளவுதான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் உள்ளே போனேன். டீச்சர் கொஞ்சமும் பதறவில்லை. "வாங்க, வாங்க. நாங்க ரெண்டு பேரும் டப்பா மாத்திப்போம். பாப்பா தானாத்தான் குடுத்தா. நல்லா சமைக்கறீங்க. அன்னிக்குத் தக்காளி சாதத்துல என்ன போட்டீங்க?" என்றாள். பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. பட்டை ஒன்று, கிராம்பு இரண்டு, கடைசியில் கொஞ்சம் நெய் என்று என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

வெளியே அழைத்து வந்து ஊட்டினேன். "மிஸ்ஸ எதுவும் கேக்காதம்மா. என்ன ஃபர்ஸ்ட் பெஞ்ச்ல உக்கார வெச்சிருக்காங்க" என்றாள். வாய் நிறையச் சோறு. அன்று அந்தப் பாத்திரத்தில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

வீட்டில் சொன்னேன். "ஒரு டப்பா சோறுதானே, விடு. பொண்ண நல்லாப் பாத்துப்பாங்க" என்றார் என் கணவர். அவர் டப்பாவை யார் தொட்டிருந்தாலும் கம்பெனி கேட்டிலேயே சண்டை நடந்திருக்கும்.

நான் விடவில்லை. மறுநாள் வெறும் தயிர் சாதம் கட்டினேன். டீச்சர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாளாம். மத்தியானமே என் பெண் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். போர்டு தெரியவில்லை என்று அழுதாள். அதற்குப் பிறகு டீச்சருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று இரண்டு டப்பா கட்டிப் பார்த்தேன். மிஸ் கொண்டு வரும் உப்புமாவைச் சாப்பிடாவிட்டால் மிஸ் கோபித்துக்கொள்வார்கள் என்று தன்னுடையதைத் திறக்காமலே கொண்டு வந்தாள். வருடம் முடியும்வரை விடியற்காலையில் எழுந்து அந்தப் பொம்பளைக்கு நட்சத்திரம் வெட்டினேன். பாவம், அவளும் எங்கிருந்தோ ரயில் பிடித்து வந்தவள்தான், அவளும் விடிவதற்குள் எழுந்து உப்புமா கிண்டியவள்தான். இருக்கட்டும். எனக்கு இன்றுவரை இரக்கம் வரவில்லை.

பெண் மூன்றாம் வகுப்புக்குப் போனதும் கட்டரைப் பரணில் தூக்கிப் போட்டேன். வீட்டில் ஒருநாளும் அந்தச் சப்பாத்தியைச் செய்யவில்லை, கை வரவில்லை.

போன மாதம் பெண் தன் குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தை பள்ளிக்கூடத்தில் சாப்பிடுவதே இல்லையாம். "நீ செய்வியேம்மா, ஸ்டார் சப்பாத்தி, அதச் செஞ்சு காட்டு" என்றாள். கட்டரைத் தேடித் துருவைத் தேய்த்துக் கழுவிச் செய்தேன். குழந்தைக்கு நீட்டுவதற்கு முன்னால் இவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மெல்ல மென்றாள்.

"இப்படித்தான் இருக்குமாம்மா இது?" என்று கேட்டாள்.