சேனலை வாங்கப்போகும் பார்ட்டி

திருப்பூரில் ஒரு கம்பெனி கைமாறுகிறது என்றால் அது முதலாளிக்குத் தெரிவதற்கு முன்னால் டீக்கடைக்குத் தெரிந்துவிடும். எங்கள் டிவிக்கும் அதே கதிதான். நான் ஒன்பது வருடம் செய்தி வாசித்த உள்ளூர் கேபிள் சேனலை எத்தனையோ தடவை டீக்கடையில் விற்றிருக்கிறார்கள். ஒரே ஒரு தடவைதான் நிஜமாக விற்றது. அந்த விற்பனைக்குக் காரணம் நான் என்பதை ஊரில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

பட்டன், ஜிப் விற்கும் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் சேனல். படியேறினால் வலது பக்கம் ஸ்டுடியோ. ஒரு மேஜை, இரண்டு விளக்கு, எனக்குப் பின்னால் ஊரின் பெரிய படம். இடது பக்கம் முதலாளியின் பனியன் கம்பெனி ஆபீஸ். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். பேர் பனியன் கம்பெனி என்றாலும் முதலாளிக்குத் தொழில் குழந்தைகள் உடுப்பு தைத்து அனுப்புவது. டிவி ஒரு ஆசைக்கு. விசேஷ வீடுகளில், "டிவி வச்சிருக்காருங்க" என்று யாராவது அறிமுகம் செய்தால் அவர் முகத்தில் வருகிற சிரிப்புக்காகவே அதை நடத்தினார் என்று நினைக்கிறேன்.

ஏழு மணிக்குச் செய்தி. அதைப் பார்த்தவர்கள் செய்தியில் வந்தவர்கள் மட்டும்தான். அது முடிந்ததும் 'ஆட்கள் தேவை'. அதற்குத்தான் ஊர் உட்காரும். ஓவர்லாக் மெஷினில் தைக்க டெய்லர் தேவை, செக்கிங்குக்குப் பெண்கள் தேவை, அயர்ன் மாஸ்டர் தேவை என்று கம்பெனி இருக்கும் இடம், வயது, போன் நம்பர் எல்லாம் வாசிப்பேன். நம்பரை இரண்டு தடவை சொல்ல வேண்டும், பேனா தேடுகிறவர்களுக்காக. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பேன். குரலைக் கேட்டு யாராவது திரும்பி, "ஏனுங்க, நேத்து பேக்கிங்குக்கு ஆள் கேட்டீங்களே, அது எந்த ரோட்டுலீங்க?" என்பார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியாது. டிவிக்கு வருவதற்கு முன்னால் நான் செக்கிங் டேபிளில் வேலை பார்த்தவள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை நின்றுகொண்டே துணியில் ஓட்டை தேடுகிற வேலை அது. டிவியில்தான் முதன்முதலாக எனக்கு நாற்காலி போட்டார்கள். அதை விட்டுவிட்டு மறுபடி நிற்க என் முழங்காலுக்கும் மனசில்லை, எனக்கும் மனசில்லை.

ஒருநாள் ஆறரை மணிக்கு முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். கேமராமேன் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். தடுப்புக்கு அந்தப்பக்கம் முதலாளி போனில் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"பார்ட்டி ஓகே பண்ணிட்டாங்க. லேபிளு மொத்தமா மாத்தீரோணும். நம்ம பேரே இருக்கப்படாதுன்னு சொல்லீட்டாங்க. ஆமா, ஆமா. பழைய பீஸையெல்லாம் செகண்ட்ஸ்ல தள்ளீருங்க."

செகண்ட்ஸ் என்றால் தேறாத உருப்படி. கறை பட்டது, தையல் கோணியது, காதர்பேட்டையில் அள்ளி எடுத்துப் போகிற மலிவு சரக்கு. நான் பவுடர் பஞ்சைக் கீழே வைத்தேன். கேமராமேன் என்னைப் பார்த்தார்.

"யக்கா, சேனல வித்துப்புட்டாரு."

"எப்படிச் சொல்றீங்க?"

"பார்ட்டின்னு சொன்னாருல்ல? கட்சிக்காரங்கதான் வாங்குறாங்க. பேர மாத்துறாங்க. பழைய பீஸுன்னது..." என்று இழுத்து, என்னையும் பார்த்து, கேமராவையும் பார்த்தார். கேமராவும் பழசுதான். ஆனால் அவர் பார்வை என் மேலேயே நின்றுவிட்டது.

திருப்பூரில் பார்ட்டி என்றால் சரக்கு வாங்க வருகிறவர் என்று பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? ஆனால் டிவி ஆபீஸில் உட்கார்ந்து ஒன்பது வருடம் செய்தி வாசித்தவளுக்குப் பார்ட்டி என்றால் கட்சி என்று ஆகிவிட்டது. பாதி பனியன், பாதி டிவி என்று இருந்ததால் வந்த வினை. அன்றைக்குச் செய்தியில் சாக்கடை தூர்வாரியதை ஏதோ இரங்கல் செய்தி போல வாசித்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டு, "செகண்ட்ஸ்ல போட்டாங்கன்னா நானே எடுத்துக்கறேன் போ" என்றார். ரசத்தை ஊற்றாமல் எழுந்து போய்விட்டேன்.

கேமராமேன் பட்டன் கடையில் சொன்னார். பட்டன் கடையிலிருந்து டீக்கடைக்குப் போக எவ்வளவு நேரம்? ஒரு வாரத்துக்குள் கதைக்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்துவிட்டது. பல்லடம் பக்கம் ஸ்பின்னிங் மில் வைத்திருப்பவர் வாங்குகிறார் என்றார்கள். இல்லை, காதர்பேட்டையில் கடை போட்டிருக்கும் வடநாட்டு மொத்த வியாபாரிகள் சேர்ந்து வாங்குகிறார்கள், இனிமேல் செய்தி இந்தியில்தான் என்றார்கள். உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பும் காற்றாலையும் வைத்திருக்கும் ஒருவர் மகள் கல்யாணத்தை மூன்று நாள் நேரலையில் காட்டுவதற்காகவே வாங்குகிறார் என்றார்கள். எனக்கு இந்தக் கடைசிக் கதைதான் பிடித்திருந்தது. போட்டிச் சேனலின் கேமராமேன் ஒரு கோயில் விழாவில் எங்கள் கேமராமேனைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க எங்களை வாங்கறீங்களாமா? சொல்லவேயில்லீங்க" என்று கோபித்துக்கொண்டாராம்.

நானும் சும்மா இருக்கவில்லை. கேட்பவர்களிடம், "அதெல்லாம் இப்பச் சொல்லக்கூடாதுங்க" என்று ஒரு சிரிப்புச் சிரித்து வைப்பேன். எல்லாம் தெரிந்தவள் போல. உண்மையில் எனக்கும் டீக்கடைக்குத் தெரிந்ததுதான் தெரியும்.

கடைசியில் பொறுக்க முடியாமல் முதலாளியிடமே போய் நின்றேன்.

"ஏனுங்க, சேனலைக் குடுக்கறதா இருந்தா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க. பழைய பீஸுன்னு செகண்ட்ஸ்ல தள்ளறதுக்கு நாங்க என்னங்க பாவம் பண்ணினோம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். புரிய இரண்டு நிமிடம் ஆனது. புரிந்ததும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவர் போனில் பேசியது குழந்தைகளின் கவுனைப் பற்றி. வாங்குகிற பார்ட்டி தங்கள் லேபிளை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பழைய லேபிள் தைத்த உருப்படிகளைத்தான் முதலாளி செகண்ட்ஸில் தள்ளச் சொன்னார்.

"கவுனுக்கா அம்மிணி இத்தனை நாளா மூஞ்சியத் தூக்கி வச்சுட்டுத் திரிஞ்ச?"

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பறக்கிற மாதிரியும் இருந்தது. கதவுவரை வந்துவிட்டேன். அப்படியே போயிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் திரும்பி நின்று, "ஊருக்குள்ள ஆரார் வாங்கறாங்கன்னு பேசிக்கறாங்க தெரியுங்களா?" என்று சிரித்துக்கொண்டே முழுப் பட்டியலையும் ஒப்பித்தேன். அவருடைய சிரிப்பு மெல்ல நின்றது.

"உடுமலைக்காரரா? அவரு வாங்கறேன்னு சொன்னாராமா?"

"சும்மா பேச்சுங்க."

"இல்ல அம்மிணி, நெருப்பில்லாமப் புகையுமா?"

அந்தப் புகையைப் போட்டதே நாங்கள்தான் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார்.

உடுமலைக்காரரின் கதையைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். அவருக்கு டிவி வாங்கும் எண்ணமே இருந்திருக்கவில்லை. ஆனால் ஊர் அவரைக் கேட்கவில்லை. போகிற இடமெல்லாம் வாழ்த்து. ஒருவர் சால்வையே போர்த்திவிட்டாராம். சொந்தக்காரர்கள் தங்கள் பெண்களுக்கு டிவியில் வேலை கேட்டு வீட்டுக்கே வந்திருக்கிறார்கள். இனி இல்லை என்று சொன்னால் முடியாமல் பின்வாங்கிவிட்டார் என்றல்லவா பேசுவார்கள்? அந்தச் சமயம் பார்த்து எங்கள் முதலாளியின் போன். விற்க நினைக்காதவரும் வாங்க நினைக்காதவரும் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு மாதத்தில் சேனல் கைமாறியது.

டீக்கடைக்காரர்கள், "நாங்க அன்னைக்கே சொன்னமல்ல?" என்றார்கள்.

புது முதலாளி ஒரு மேனேஜரை அனுப்பினார். கோயமுத்தூரில் படித்தவர், மரியாதையானவர். ஸ்டுடியோவைச் சுற்றிப் பார்த்தார், படத்தை மாற்றச் சொன்னார், என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து ஏழு மணிக்கு நான் செய்தியை முடித்து 'ஆட்கள் தேவை' தாளை எடுத்தேன். ஆறாவதோ ஏழாவதோ, டெய்லர்களுக்கும் ஹெல்பர்களுக்கும் நடுவில் அது இருந்தது. வாய் வாசித்த பிறகுதான் மூளைக்கு எட்டியது.

"உள்ளூர்த் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கப் பெண் தேவை. தெளிவான உச்சரிப்பு அவசியம். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும்."

கேமராமேன் கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை வெளியே நீட்டினார். நான் நம்பரை வாசித்தேன். பழக்கம் விடுமா, இரண்டு தடவை வாசித்தேன். எனக்கு அப்போது நாற்பத்தொன்று.

அன்றைக்கு அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் இந்தத் தடவை எதுவும் கிண்டல் செய்யாமல் டிவியை நிறுத்தினார். வேலை போகிறதே என்ற அழுகை பாதிதான். மீதி வேறு. 'முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும்', 'முப்பத்தைந்துக்கு மேல் வர வேண்டாம்' என்று ஒன்பது வருடமாக அந்த வரியை அழகான உச்சரிப்பில் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். அதைக் கேட்டு எத்தனை பெண்கள் கையிலெடுத்த பேனாவைக் கீழே வைத்திருப்பார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. என் காதில் விழுவதற்கு அது என்னைப் பற்றியதாக இருக்க வேண்டியிருந்தது.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். நியூஸுக்குப் புது முகம் வேணும்னு சார் சொல்றாருங்க. ஆனா 'ஆட்கள் தேவை'க்கு உங்க குரல் இல்லாமப் போனா கேபிள்காரங்க எங்களைத் தொலைச்சிருவாங்க. முகம் வேண்டாமுங்க, குரல் மட்டும் குடுங்க. திரையில மெஷின் ஓடற படம் போட்டுக்கறோம்."

ஒன்பது வருடம் பவுடர் போட்ட முகம். அதற்குப் பதில் தையல் மெஷின். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, அதோடு சிரிப்பும் வந்து தொலைத்தது. மெஷினும் பழைய மாடல்தான் என்று பிறகு கேமராமேன் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

"குடுக்கறனுங்க. ஆனா வயசு வரியை நான் வாசிக்க மாட்டனுங்க. வேணும்னா எழுத்துல ஓட விட்டுக்குங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். நேரம் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டிருப்பார். சரி என்றார். எழுத்தில் ஓட்டுவதை முதல் வாரத்திலேயே மறந்தும் போனார்கள்.

இப்போது செய்தி வாசிக்க உடுமலைக்காரரின் உறவில் ஒரு பெண் வருகிறாள். நன்றாகவே வாசிக்கிறாள், நான் பொய் சொல்ல மாட்டேன். நான் பக்கத்து அறையில் நைட்டியோடு இருந்தாலும் யாருக்கும் தெரியாது, மைக்கைப் பிடித்து வாசித்துவிட்டு வந்துவிடுகிறேன். சந்தையில் இன்னும் குரலைக் கேட்டுத் திரும்புகிறார்கள். திரும்புகிறவர்களில் இப்போது நரைத்த தலைகள் கூடியிருப்பது போல எனக்கு ஒரு நினைப்பு.

போன மாதம் ஒரு கம்பெனி மேனேஜர் ஆபீஸுக்குப் போன் செய்து என்னைக் கேட்டு வாங்கிப் பேசினார். நல்ல கோபம். மரியாதை மட்டும் குறையவில்லை.

"ஏனுங்க, ஓவர்லாக்குக்கு முப்பது வயசுக்குள்ளன்னு தெளிவா எழுதிக் குடுத்தமுங்க. நீங்க அதைச் சொல்லவேயில்ல. நாப்பத்தெட்டு வயசுல ஒரு அம்மா வந்து, டிவியில வயசே சொல்லலீங்களேன்னு மெஷின்ல உக்காந்துட்டாங்க. எந்திரிக்க மாட்டேங்கறாங்க."

"நல்லா ஓட்டறாங்களாங்க?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் மெஷின் ஓடுவது கேட்டது.

"நல்லாத்தானுங்க ஓட்டறாங்க" என்றார்.