வெட்டாமல் விட்ட வலை

எங்கள் திட்டத்துக்குப் பொறுப்பாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்துபோகும் பிள்ளை ஒருநாள் படகில் வைத்துத் தன் கைபேசியில் ஒரு வீடியோ காட்டினாள். எந்த நாடோ தெரியாது. கடலுக்கு அடியில் இரும்பால் ஒரு வீடு. அதற்குள் நாலைந்து பேர் கிழமைக்கணக்கில் இருந்து, சாப்பிட்டு, படுத்தெழும்பி, யன்னலால் மீன் பார்த்து ஆராய்ச்சி செய்கிறார்கள். "அண்ணை, இப்பிடி ஒண்டு எங்களுக்கும் இருந்தா எப்பிடி இருக்கும்?" என்று கேட்டாள்.

அன்றைக்கு என் வலக்காது இரைந்துகொண்டிருந்தது. "எனக்கு வேண்டாம் தங்கச்சி. முக்கால் மணித்தியாலம் கீழ இருந்திட்டு வந்தாலே ரெண்டு நாளைக்கு மனிசி கதைக்கிறது கேக்குதில்லை" என்றேன். இயந்திரத்தடியில் இருந்த என் மச்சான், என் மனைவியின் தம்பிதான், "அதுக்காகத்தான் அத்தான் இந்த வேலைக்கே வாறவர்" என்றான். பிள்ளை சிரித்தாள். எனக்குச் சிரிக்கவும் அலுப்பாக இருந்தது.

நான் சுழியோடி. இருபது வயதில் சங்குக்கு இறங்கினேன், பிறகு கடலட்டைக்கு. சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஒரு நாளில் எத்தனை தரம் இறங்கலாம் என்று எங்களுக்கு அப்போது யாரும் சொல்லித்தரவில்லை. என்னோடு இறங்கியவர்களில் ஒருவர் இன்றைக்கும் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கதிரையில் இருக்கிறார். எனக்குப் போனது ஒரு காதும் இரண்டு முழங்காலும் மட்டும்தான் என்பதால் நான் அதிர்ஷ்டக்காரன் என்று ஊரில் சொல்வார்கள். எடுக்கக்கூடியதையெல்லாம் எடுத்து முடித்த பிறகு, மிஞ்சியதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இப்போது எனக்கே சம்பளம் தருகிறார்கள்.

வேலை பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அனலைதீவுக்கு அப்பால், ஐந்து பாகம் ஆழத்தில், ஓடித் தேய்ந்த பழைய பஸ்கள் சிலவற்றை மீன் குடியிருக்கட்டும் என்று இறக்கி விட்டிருக்கிறார்கள். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம். பஸ்களுக்குக் கரைப்பக்கமாகச் சாதாழை. காற்றடித்துக் கரையொதுங்கும்போது தோட்டத்துக்குப் பசளையாக அள்ளிப் போடுகிறோமே, அந்தக் கடற்புல்தான். இழுவைப் படகுகள் அதை உழுதுவிட்டுப் போன இடங்களில் நான் கம்பி வளையங்களால் நாற்றுக் குத்தி நடுவேன். அடுத்த மாதம் போனால் பாதி மிதந்து போயிருக்கும். திரும்ப நடுவேன். பஸ்களில் மாட்டிக்கிடக்கும் அறுந்த வலைகளை வெட்டி எடுப்பேன். மேலே வந்து படிவம் நிரப்புவேன். கடலுக்கு அடியில் வேலை என்றதும் கேட்பவர்கள் கண்ணை விரிப்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அது புல்லுப் பிடுங்குவது போன்ற வேலை, குனிந்த முதுகு நிமிராது, கூடவே குளிரும்.

இதை விட்டுவிடலாம் என்று நினைத்திருந்த ஒரு நாளில்தான் அந்தத் தடத்தைக் கண்டேன். நான் நட்டு மூன்று வருடமான பாத்தி. அதன் நடுவால் ஒரு முழ அகலத்தில் புல் வேரோடு போயிருந்தது. இழுவைப் படகின் வேலையென்று முதலில் தூஷணம் வாயில் வந்தது. ஆனால் தடம் வளைந்து வளைந்து போனது, நின்று, சற்றுத் தள்ளித் திரும்பத் தொடங்கியது. ஏதோ ஒன்று ஆறுதலாக மேய்ந்திருக்கிறது. ஆவுளியா. கடற்பசு என்று புத்தகத்தில் எழுதுவார்கள். பால் குடுக்கிற, மூச்சு விட மேலே வருகிற பெரிய சாதுவான பிராணி. இந்தக் கடலில் அது முடிந்துபோய்விட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மேலே வந்து பிள்ளையிடம் சொன்னபோது அவள் என் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். அன்றைக்கே மச்சானோடு சேர்த்து மூன்று பேரும் ஒரு முடிவு எடுத்தோம். யாருக்கும் சொல்வதில்லை. ஏனென்றால் அந்த இறைச்சியின் ருசி இந்தத் தீவுகளில் ஒரு தலைமுறைக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது. நானும் சின்ன வயதில் சாப்பிட்டவன்தான், பொய் சொல்லக்கூடாது. இரண்டு வருடம் அந்த இரகசியத்தைக் காத்தோம். ஒருநாள்கூட நான் அதை உயிரோடு காணவில்லை. தடம் மட்டும் புதிது புதிதாக இருக்கும். ஆனாலும் காலையில் எழும்ப மனமில்லாத நாட்களில், அது வந்ததோ என்று பார்க்கவாவது போகவேண்டும் என்று எழும்பினேன். உண்மையில் வேலையில் எனக்கிருந்த ஒரே சம்பளம் அதுதான். மனதுக்குள் அதை என் ஆவுளியா என்றே சொல்லிக்கொண்டேன்.

போன சோளகக் காற்றுக் காலத்தில் ஒருநாள் இறங்கினபோது கடைசி பஸ்ஸின் கூரையில் ஒரு திருக்கை வலை மாட்டியிருந்தது. பெரிய கண் வலை, திருக்கை பிடிப்பது. காற்றில் இழுபட்டு வந்து ஒரு நுனி பஸ்ஸில் சிக்க, மிச்சம் சாதாழைக்கு மேலே வேலிபோல நின்றது. என் கை தானாகக் கத்திக்குப் போனது. அப்போதுதான் மிதப்புகளைப் பார்த்தேன். பழைய நீலச் செருப்பை முக்கோணமாக வெட்டி, நடுவில் சுட்டுத் துளைத்த மிதப்பு. அப்படி வெட்டுகிறவர் அனலைதீவில் ஒருவர்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர். அவருடைய வலையை இழுவைப் படகுகள் இரண்டு தரம் வாரிக்கொண்டு போயிருந்தன. இது அவருடைய மூன்றாவது வலை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருடையதென்று தெரியாத வலையை வெட்டலாம். ஆளைத் தெரிந்துவிட்டால் அவருக்குச் சொல்லாமல் கத்தி வைக்கக்கூடாது. அவரே வந்து கழற்றுவார், அல்லது வெட்டச் சொல்வார். கோபதாபத்தில் கதையாமல் இருப்பவர்கள்கூட இதில் பிசகமாட்டார்கள்.

சரி, வெட்டவேண்டாம், சுருட்டிக் கட்டியாவது விடலாமே. அதைத்தான் இப்போது தினமும் கேட்டுக்கொள்கிறேன். சுருட்டத் தொடங்கினேன். கால்வாசி சுருட்டியிருப்பேன். காதுக்குள் ஊசி குத்தியது. சிலிண்டரில் காற்றும் குறைந்திருந்தது. இன்னொரு சிலிண்டர் படகில் இருந்தது. மேலே வந்து அதைப் பார்த்தேன். கையைத் தூக்கவே ஏலாமல் இருந்தது. "நாளைக்குப் பாப்பம்" என்று மச்சானிடம் சொன்னேன்.

கரையிலிருந்து அண்ணைக்கு அழைத்தேன். அவருடைய மனைவி எடுத்தார். "அவர் கண் ஒப்பரேசனுக்கு யாழ்ப்பாணம் போட்டார் தம்பி. நாளண்டைக்குத்தான் வருவார். என்ன அலுவல்?"

"ஒண்டுமில்லை அக்கா. வலை ஒண்டு மாட்டியிருக்கு. வந்தவுடன சொல்லுங்கோ."

பிள்ளைக்கு நான் அழைக்கவில்லை. அழைத்தால் உடனே வெட்டச் சொல்வாள் என்று தெரியும். ஒரு மனிதன் கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டிலில் கிடக்கும்போது அவருடைய வலையில் கத்தி வைப்பதா என்று எனக்கே நான் ஞாயம் சொன்னேன். ஞாயம் சரியானதுதான். ஆனால் அதற்குக் கீழே களைப்புத்தான் இருந்தது. அந்தக் களைப்புக்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டு புளியங்கூடலுக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் சோளகம் எழும்பியது. இரண்டு நாள் ஒரு படகும் இறங்கவில்லை. குசினிக் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. நான் முற்றத்துக்கு வந்து கடல் பக்கம் பார்ப்பதும் உள்ளே போவதுமாக இருந்தேன். "என்னப்பா, குட்டி போட்ட பூனை மாதிரி?" என்றாள் மனைவி. அவளுக்கும் நான் ஆவுளியாவைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. நடுவில் நிற்கும் வலை, மூச்சுக்கு மேலே வரவேண்டிய பிராணி. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமல் இருக்கவேண்டும் என்று நான் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன்.

மூன்றாம் நாள் காற்று விட்டது. அண்ணை கறுப்புக் கண்ணாடியோடு எங்கள் படகில் ஏறினார். கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்களாம். "வலை எண்டவுடன வீட்டில இருக்க ஏலுமோ?" என்றார்.

நான் இறங்கினேன். தண்ணீர் இன்னும் கலங்கல். பஸ்ஸைக் கண்டேன். வலை நின்ற இடத்தில் வலை நிற்கவில்லை. ஒரு பக்கமாக இழுபட்டு, முறுகி, பெரிய பொதிபோலக் கிடந்தது. கிட்டப் போய்க் கையை வைத்தேன். தோல். தடித்த, குளிர்ந்த, அங்கங்கே மயிர் முளைத்த தோல். இரண்டு வருடம் காத்திருந்து முதல்முதலாகக் கண்டது அப்படித்தான். வாயில் சாதாழை ஒரு பிடி இருந்தது, நான் நட்டது. நான் நட்ட புல்தானே அதை அந்த இடத்துக்குக் கூட்டி வந்தது. தண்ணீருக்குள் அழுதால் கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியாமல் போய்விடும். ஆனாலும் அழுதேன்.

மேலே வந்து, "அண்ணை, வலையை வெட்டவேணும்" என்று மட்டும் சொன்னேன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. தன் கத்தியையே எடுத்து நீட்டினார். "வெட்டும்."

இரண்டு தரம் இறங்கி வெட்டினேன். கட்டு விட்டதும் அந்த உடல் மெல்ல மேலே மிதந்து போனது. நானும் அதற்குப் பின்னால் போனேன். படகின் பாதி நீளம் இருந்தது. மச்சான் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டான். அண்ணை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் கண்ணோடு நெடுநேரம் பார்த்தார்.

"இந்த வலை அண்டைக்கே மாட்டிக் கிடந்ததெல்லே. நீர் ஏன் அப்பவே வெட்டேல்லை?"

"உங்கட வலை எண்டு தெரிஞ்சுது, அண்ணை."

"வலை போனா வலை." குனிந்து அதன் முதுகில் கையை வைத்தார். "இது இஞ்சை மேயிறது எண்டு உமக்குத் தெரியுமோ?"

"ஓம். ரெண்டு வருசமா."

"ரெண்டு வருசமா." அவர் அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் இந்தப் பக்கம் வலையே விட்டிருக்கமாட்டனே."

நான் படகின் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரில் நின்றேன். ஏறவும் முடியவில்லை. அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை.

"நான் திண்டுபோடுவன் எண்டு நினைச்சனீரோ?"

ஓம், அப்படித்தான் நினைத்திருந்தேன். அவருடைய கத்தியை அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். அவர் இரண்டாம் தரம் கேட்கவில்லை.