இரண்டு மருந்தும் ஒரு வயிறும்

மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். தாசேக் கெலுகோரில் செம்பனைத் தோட்டத்தில் குலை சுமந்தேன், புக்கிட் மெர்தாஜாமில் லோரியில் எடுபிடியாக ஓடினேன். பிறகு ஜார்ஜ் டவுனில் சோறும் கறியும் விற்கும் ஒரு நாசி கண்டார் கடையில் சட்டி தூக்கும் வேலை. படுக்கைக்குக் கடையின் மாடியறை.

மதியக் கூட்டம் ஓய்ந்து நான்கு மணிக்குத்தான் எங்களுக்குச் சாப்பாடு. நின்றபடியே ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவோம். பிறகு என் வயிறு உப்பிக்கொள்ளும். கால்சட்டைப் பொத்தானைக் கழற்றினால்தான் மூச்சு விட முடியும். ஐந்து மணிக்கு அடுப்படியிலிருந்து முன்பக்கம் கறிச் சட்டியைத் தூக்கிப் போகவேண்டும். ஒருநாள் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டேன்.

முதலாளி பார்த்துவிட்டார். "தூக்க முடியலன்னா சொல்லிடு தம்பி. மேல ரூம்ல வேற ஆள வைக்கணும்."

கிளினிக்கில் கேஸ்திரிக், அதாவது வயிற்றில் அமிலம் அதிகம் என்று வெள்ளை மருந்து கொடுத்தார்கள். கடையில் தண்ணி கலக்கும், அதாவது தேநீர், காப்பி போடும் அக்கா சத்து மாத்திரையும் விற்பவர். எனக்கு வயிற்றில் அமிலம் குறைவு என்று அடித்துச் சொல்லி ஒரு புட்டியைக் கொடுத்தார். இரண்டு வாரம் இரண்டையும் விடாமல் சாப்பிட்டேன். உப்புசம் கூடியதே தவிர குறையவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள, இரண்டு புட்டியையும் எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன்.

அங்கிருந்த பெண் இரண்டையும் திருப்பித் திருப்பிப் படித்தாள். "ஒன்னு ஆசிட்ட குறைக்கும், ஒன்னு கூட்டும். ரெண்டையும் எதுக்கு அண்ணே போடுறீங்க?"

"ஒன்னு இல்லாட்டி இன்னொன்னு கேக்கும்னு நினைச்சேன்."

"ஆசிட் கம்மின்னு யாரு டெஸ்ட் பண்ணா?"

"தண்ணி கலக்குற அக்கா."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, எப்படிச் சாப்பிடுகிறேன் என்று கேட்டாள். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. அக்கா கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னாள், உட்கார்ந்து மென்று சாப்பிடச் சொன்னாள். அப்படியும் சரியாகாவிட்டால் டாக்டரிடம் மறுபடி காட்டவேண்டுமாம்.

முதலாளியிடம் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் கேட்டேன். "நீ என்ன கல்யாண விருந்துக்கா வந்திருக்க?" என்றவர், மூன்று நாள் மட்டும் கொடுத்தார்.

எண்ணெய் டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டேன். முதல் நாள் பெரிய மாற்றமில்லை. இரண்டாம் நாள் பொத்தானைக் கழற்றவில்லை. மூன்றாம் நாள் சட்டி எங்கும் இறங்காமல் முன்பக்கம் போய்ச் சேர்ந்தது.

"நாளைக்கும் உக்காந்தே தின்னு லா," என்றார் முதலாளி.

என் வயிற்றில் அமிலம் கூடுதலா குறைவா என்று இன்னும் எனக்குத் தெரியாது. உடம்பில் மிச்சமிருந்த மாத்திரைதான் வேலை செய்தது என்கிறார் அக்கா.