படகின் வாலைச் சரிசெய்பவர்

பேசிக்கொண்டே இருக்கும்போது சிலுவைராஜின் கை காதுக்குப் பின்னால் போகும். அங்கே எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு செருகியிருக்கும். அதை எடுத்தார் என்றால் எதிரில் என்ன இருக்கிறதோ அதில் வரைய ஆரம்பித்துவிடுவார். காப்பிக்கடை மேசை, பேருந்து நிறுத்தத்துத் தூண், சிமெண்ட் தரை, எதுவும் தப்பாது. போன மாதம் எங்கள் வீட்டு வாசலில் நின்று பேசியவர், பேச்சு வேகத்தில் எங்கள் கதவிலேயே ஒரு படகின் பின்பக்கத்தை வரைந்து வைத்தார். என் மனைவி ஈரத்துணியோடு வந்தாள். படியிறங்கப் போனவர் பதறித் திரும்பினார். "அழிச்சிடாதீங்கம்மா! அந்த அளவு இன்னும் மனசுல ஏறல!" கதவில் அந்தப் படகு சில நாள் மிதந்தது. வந்தவர்களெல்லாம் இது என்ன புது மாதிரிக் கோலம் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

சிலுவைராஜுக்கு ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை. இரும்புத் தகடுகளை அளந்து, குறி போட்டு, வெட்டிப் பொருத்துவது. சாக்பீஸ் அங்கே பிடித்த பழக்கம். புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் எனக்கு ஒரு மாடி கீழே இருக்கிறார். காலையில் கம்பெனி பஸ் வருமுன் அவர் மின்தூக்கிக்குள் நுழைந்தால் ஏற்கெனவே உள்ளே நிற்பவர்கள் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். அவ்வளவு பெரிய உடம்பு. தொப்பை என்று யாராவது சொன்னால் கோபம் வரும். "இரும்பு தூக்குன உடம்புலா இது. காத்து ஊதுன பலூன்னு நெனச்சியா?" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் இவர் வேறு மனிதர். லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்ததும் ஜாலான் புசார் பக்கம் நடப்பார். அங்கே இரும்புச் சாமான் கடைகளிலும், சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையிலும் கீல், திருகு, தகடு என்று எதையாவது தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பார். மனைவி உர்சுலா பூசைக்குப் போட்ட முக்காட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "ஏங்க, கடல் வத்திடப் போவுது, வாங்க," என்று இழுத்துக்கொண்டு போவார். அங்கிருந்து நேரே பொங்கோல்.

பொங்கோல் கரையில்தான் அவர்களுடைய படகு நிற்கிறது. நீர்ச்சறுக்குக்கென்றே செய்த பழைய கண்ணாடியிழைப் படகு. ஒரு கிளப்பில் வேண்டாம் என்று கழித்துக் கட்டியதை இவர் ஆசைப்பட்டு எடுத்துவந்தார். ஆரஞ்சு நிறம் வெளுத்து, பப்பாளிப் பழத் தோல் மாதிரி இருக்கும். வாங்கிய புதிதில் இவரே சறுக்குப் பலகையில் ஏறப் பார்த்தார். ஓட்டுவதற்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்துகொண்டு, தண்ணீரில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தார். படகு முழு மூச்சாக இழுத்தது. இவர் எழும்பவில்லை. படகின் முகப்புத்தான் எழும்பியது. அத்தோடு அந்த ஆசையை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். அப்புறம் அந்த வலப்பக்கத்து நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவிட்டதில்லை.

"பட்டறையில அடுத்தவன் கப்பலச் சரி பண்ணிச் சரி பண்ணி அனுப்புறேன் சேகர். நம்ம கையில ஓடுறது இது ஒன்னுதான்லா," என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். சொல்லும்போது ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

பலகையில் ஏறியவர் உர்சுலாதான். ஆஸ்பத்திரியில் நர்ஸ். முப்பத்தைந்து வயதுக்குமேல் முதன்முதலாக நீர்ச்சறுக்குப் பலகையில் கால் வைத்தவர். "யாராச்சும் பின்னாடி நின்னாத்தானே படகுக்கு மரியாதை" என்று விளையாட்டாகத்தான் தொடங்கினாராம். சில வாரங்களில் அந்தக் கரையில் அவரைப்போல் நிற்க ஆள் இல்லை. நேராகப் போவதில் அவருக்கு ருசியில்லை. படகுக்குப் பின்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சீறிக்கொண்டு போய்வர வேண்டும். அங்கேதான் வில்லங்கம் ஆரம்பித்தது.

படகு ஓடும்போது பின்னால் அலை விரியும் அல்லவா, அதற்குச் சிலுவைராஜ் வைத்த பெயர் வால். சறுக்குகிறவர் வெளியே போக வேண்டுமானால் வாலின் இரண்டு கரைகளையும் தாண்டியாக வேண்டும். இந்தப் படகின் வால் ஒழுங்கானதில்லை. நடுவில் தண்ணீர் மேடாக எழும்பி நிற்கும். இடப்பக்கத்து அலை சாதுவாக இருக்கும். வலப்பக்கத்து அலை முழங்கால் உயரத்துக்கு முறைத்துக்கொண்டு நிற்கும். அதைத் தாண்டும்போதெல்லாம் உர்சுலாவைத் தூக்கி எறியும். விழுவது எப்போதும் வலது தோளில்.

நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைக்கிற தோள் அது. ஒருநாள் வார்டில் ஒரு பாட்டியைத் தூக்கும்போது தோள் பிடித்துக்கொண்டது. மேட்ரன் முகத்தைச் சுளித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டே உர்சுலா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "தவக்காலம் வர்றதுக்குள்ள ரெண்டு பக்கமும் நான் விழாமத் தாண்டணும். இல்லேன்னா அந்த மீன் புடிக்கிறவர் கேட்டாரே, அவருக்குப் படகக் குடுத்துடுவோம். தோளு போனா வேல போச்சுங்க." ஒவ்வொரு தவக்காலத்திலும் இறைச்சியோடு சறுக்குப் பலகையையும் விட்டுவிடுகிறவர் அவர். இந்த முறை விட்டால் விட்டதுதான்.

சிலுவைராஜ் ஒத்துக்கொண்டார். "வால நான் சரி பண்ணிக் காட்டுறேன். பாத்துக்க."

முதலில் படகின் பின்பக்கத்து அடியில் இரண்டு மடிப்புத் தகடுகள் பொருத்தினார். தண்ணீர் அந்தத் தகட்டை அழுத்தினால் படகின் பின்புறத்தைத் தூக்கிக்கொடுக்கும், வால் அடங்கும் என்பது கணக்கு. கணக்கு சரி. ஆனால் மனிதர் கப்பல் பட்டறைக்காரர். எண்ணெய்க் கப்பலுக்குப் போடுகிற கனத்தில் இரும்புத் தகட்டை வெட்டிப் பூட்டிவிட்டார். தூக்கிக்கொடுக்க வேண்டிய தகடே படகைப் பிடித்துக் கீழே இழுத்தது. பின்பக்கம் தண்ணீருக்குள் உட்கார்ந்தே போய்விட்டது. கரையில் நின்றவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். இவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அடுத்த ஞாயிறு சுங்கை ரோட்டில் ஒரு பழைய லாரியின் அலுமினியத் தகட்டைக் கண்டுபிடித்து, வெட்டி, கீல் வைத்து, வேண்டியபடி ஏற்றி இறக்க ஒரு திருகும் வைத்துக் கொண்டுவந்தார். நடுமேடு அடங்கிற்று. வலப்பக்கத்து அலை மட்டும் அசையவில்லை.

இந்தச் சமயத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஆள் சறுக்கும்போது படகில் பின்னால் பார்த்து உட்கார ஒருவர் வேண்டும். சும்மா வேடிக்கை பார்க்கலாம் என்று போன என்னைப் பிடித்து நடுவில் உட்கார வைத்துவிட்டார். ஓட்டுகிறவர் முன்னால்தான் பார்க்க வேண்டும். ஆகவே நிமிஷத்துக்கு ஒருமுறை, "வாலு எப்படி?" என்று கத்துவார். "வலப்பக்கம் உசரம்தான்!" என்று நானும் கத்துவேன். சொல்லி வாய் மூடுமுன் உர்சுலா விழுந்திருப்பார்.

மிச்சமிருந்த வாரங்களில் அவர் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். கரைக்கு வந்ததும் எல்லாரையும் படகைவிட்டு இறக்குவார். தானும் இறங்குவார். படகின் நடுவே குறுக்குக்கட்டை ஒன்றிலிருந்து தூக்குக்குண்டு தொங்கும். கீழே சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. குண்டு குறிக்கு நேரே நின்றால் படகு எந்தப் பக்கமும் சாயவில்லை என்று அர்த்தம். பேட்டரியும் எண்ணெய்த் தொட்டியும் வலப்பக்கம் இருந்ததால் குண்டு முதலில் விலகித்தான் நின்றது. இடப்பக்கம் தரையில் ஒரு மணல்மூட்டை வைத்து அதை நேராக்கினார். மூட்டை வைக்கிற இடத்துக்குச் சதுரமாக ஒரு கோடும் போட்டார். அதன்பின் யார் என்ன சொன்னாலும், "குண்டு பொய் சொல்லாதுலா. சாய்வு இல்ல. கோளாறு தகட்டுலதான்," என்று திருகைத் திருகப் போய்விடுவார்.

ஏன் எல்லாரும் இறங்க வேண்டும் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கப்பல்ல சாய்வு பாக்கறப்போ ஆள் இருக்கலாமா? பட்டறையில ஒரு குருவிகூட நிக்க விடமாட்டாங்க."

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தைய ஞாயிறு. குண்டு தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லாரும் படகு கட்டுகிற பலகைப் பாலத்தில் நின்றோம். மைமூன் அக்காவும் இருந்தார். மீன்பிடிக்கப் போகிறவர்களைத் தன் சின்ன மோட்டார்ப் படகில் ஏற்றி இறக்குகிறவர். ஒல்லியான உருவம், காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். சிலுவைராஜின் சாக்பீஸ் காதிலிருந்து நழுவிப் படகுக்குள் விழுந்து உருண்டது. அதை எடுக்க ஏறியவர், குனிய முடியாமல் தன் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"அண்ணே, குண்டு ஓடுது பாருங்க!" என்றார் மைமூன் அக்கா.

பார்த்தோம். குறியைவிட்டு நன்றாக வலப்பக்கம் விலகி நின்றது. சிலுவைராஜ் எழுந்து பாலத்துக்கு வந்தார். குண்டு மெல்ல ஆடி நேரானது. மறுபடி போய் உட்கார்ந்தார். விலகியது. எழுந்தார். நேரானது. உர்சுலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அட கடவுளே! இத்தன நாளா என்னைத் தள்ளிவிட்டது நீங்கதானா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் மனிதர் அசருகிற ஆள் இல்லை. "அவ்வளவுதானே? எடப்பக்கம் இன்னும் நாலு மூட்ட போட்டாச் சரியாப் போச்சு," என்று மணலை வாரக் கிளம்பிவிட்டார்.

நாலு மூட்டையும் ஏறின. குண்டும், அவர் உட்கார்ந்திருக்கும்போதே, நேராக நின்றது. ஆனால் படகு கிளம்பியபோது இயந்திரம் முக்கியது, முனகியது. தண்ணீருக்குமேல் எழும்பவே இல்லை. கயிற்றின் முனையில் உர்சுலாவைத் தண்ணீரோடு தண்ணீராக இழுத்துக்கொண்டு போனது. அவர் கயிற்றை விட்டுவிட்டு, தோளைப் பிடித்தபடி நீந்திவந்து படகின் விளிம்பைப் பற்றினார்.

"போதுங்க. படகு கேட்ட அந்த ஆள வரச் சொல்லிடுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அமைதியாகச் சொன்னார். சிலுவைராஜ் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்தார். மூட்டைகளை ஒவ்வொன்றாக வாயவிழ்த்து மணலைக் கடலில் கொட்டினார். முதலில் வைத்த பழைய மூட்டையையும் விடவில்லை. உர்சுலாவைக் கைகொடுத்து மேலே தூக்கிவிட்டு, படகைப் பாலத்துக்குத் திருப்பினார்.

"மைமூன், கொஞ்சம் ஏறும்மா. நீ ஓட்டு."

மைமூன் அக்கா திகைத்துப்போனார். "நானா? அந்தச் சீட்டுலயா? நீங்க எங்க அண்ணே உக்காருவீங்க?"

"நான்தான் இனிமே மூட்ட," என்றார்.

இடப்பக்கத்துச் சதுரத்துக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மைமூன் அக்கா நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஆக்சிலேட்டர மெதுவா..." என்று தொடங்கிய சிலுவைராஜ், வாயை மூடிக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பினார். அந்த அம்மாளுக்குச் சொல்லித்தர வேண்டியது எதுவும் இல்லை. படகு துள்ளிக் கிளம்பியது. உர்சுலா ஒரே மூச்சில் தண்ணீருக்குமேல் எழுந்து நின்றார்.

சிலுவைராஜ் வாயைப் பிளந்து பார்த்தார். எத்தனையோ வாரம் தகடு வெட்டித் திருகு திருகிச் சண்டை போட்ட வாலை, ஓடுகிற படகிலிருந்து அவர் முழுசாகப் பார்ப்பது அன்றுதான். மனைவி சறுக்குவதைப் பார்ப்பதும் அன்றுதான். "இப்படியாலா நிக்கிறா?" என்று என்னிடம் கேட்டார்.

உர்சுலா வலப்பக்கம் சீறிவந்தார். அலையில் பலகை தட்டி எழும்பி, அந்தப் பக்கம் போய் இறங்கி, அவர் நின்றுகொண்டிருந்தார். "தாண்டிட்டாங்க! தாண்டிட்டாங்க!" என்று நான் கத்தியது கரைவரை கேட்டிருக்கும். திரும்பி இடப்பக்கம் போனபோது கொஞ்சம் தடுமாறினார். விழவில்லை. இப்போது இடப்பக்கத்து அலை சற்று உயர்ந்திருந்தது. ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கணவரைப் பார்த்து, நடுவுக்கு வாங்க, நடுவுக்கு வாங்க என்று வீசினார்.

சிலுவைராஜ் உட்கார்ந்தபடியே ஒரு சாண் நகர்ந்தார். உர்சுலா வலப்பக்கம் தாண்டினார். இடப்பக்கம் தாண்டினார். மறுபடியும் வலப்பக்கம். அப்புறம் தலைக்குமேல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

சிலுவைராஜ் மைமூன் அக்கா பக்கமோ ஸ்டியரிங் பக்கமோ திரும்பவில்லை. காதுக்குப் பின்னாலிருந்து சாக்பீஸை எடுத்தார். படகு குலுங்கக் குலுங்க, உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல், தன்னைச் சுற்றித் தரையில் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.