வெட்டுக்கு மேலே கட்டிய மங்கு

ஸ்ரீரங்கத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்த மறுநாள், இருட்டிலேயே என் பிள்ளைகள் இருவரும் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "மணி இன்னும் அடிக்கலியேப்பா" என்றார்கள். மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்க மணி அடிப்பார்கள். "என்ன மணி?" என்று அண்ணி கேட்டார். ஸ்கூல் மணி என்று சொல்லி வைத்தேன். கப்பலேறிய நாள் முதல் ஊருக்கு எழுதிய கடிதங்களில் நான் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. உண்மையில் நானும் என் மனைவி மரகதமும் ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் சீவும் கூலிகள். நம்மில் யார்தான் ஊருக்கு முழு உண்மையை எழுதியிருக்கிறோம்? எட்டு வயது மகள் செல்வியை அண்ணன் வீட்டில் விட்டுப் படிக்கவைக்கத்தான் வந்திருந்தோம். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. அதன்பின் அவள் கையிலும் மரம் சீவும் கத்திதான். கிராணி மகளுக்குக் கிடைக்கும் மரியாதை அந்த வீட்டில் கூலிக்காரன் மகளுக்குக் கிடைக்காது.

நாங்கள் கப்பலுக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கையில் அண்ணன் எல்லாரையும் பஸ்ஸில் திருச்சிக்கு அழைத்துப்போய் ஒரு கல்லூரி மியூசியத்தைக் காட்டினார். "படிக்கப்போற பொண்ணு, நாலையும் பாக்கட்டும்" என்றார். பாடம் செய்த முதலையைப் பார்த்துச் சின்னவன் குமார் மரகதத்தின் சேலைக்குள் ஒளிந்தான். கடைசி அறையில், கண்ணாடிக்குள் ஒரு பால்மரத் துண்டு; பட்டையில் சாய்வாக ஒரு வெட்டு, மரத்தோடு கட்டிய, பால் பிடிக்கும் மங்கு, பக்கத்தில் சீவும் கத்தி. செல்வி ஓடிப்போய்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். தோட்டத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. உடனே முகம் மாறியது.

"அப்பா, மங்கு வெட்டுக்கு மேல இருக்கு. பாலெல்லாம் மண்ணுல போயிடுமே!"

"தொடாத பாப்பா. படிச்சவங்க வெச்சது, சரியாத்தான் இருக்கும்" என்றார் காவலர்.

"இல்லைங்க, தப்பு! அப்பா, நீங்க சொல்லுங்கப்பா."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உனக்குத் தெரியுமாடா?"

"எனக்கென்னண்ணே தெரியும், ஆபீஸ்ல உக்காந்திருக்கறவன்? யாரோ வெட்டறதப் பாத்திருப்பா."

தினமும் பள்ளிக்குப் போகுமுன் என் மரங்களுக்கெல்லாம் மங்கு துடைத்து வைப்பவள் அவள். என்னைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். மரகதம் தரையைப் பார்த்தாள். பொய் சொல்லக்கூடாது என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் கிளம்பிய அன்று அழவுமில்லை. கெட்டிக்காரி, மனதைத் தேற்றிக்கொண்டாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

நேற்று தோட்டத்துக்கு அவளிடமிருந்து முதல் கடிதம் வந்தது. வேலைக்கு நடுவே, மரத்தடியில் நின்று மரகதத்துக்குப் படித்துக் காட்டினேன். "டீச்சர் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். ரப்பர் தோட்டத்தில் ஆபீஸ் வேலை என்று சொன்னேன். பால்மரம் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். சரிதானே அப்பா?"

மரகதம் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள். பால் காய்ந்து ஒட்டிய விரல்களோடு நான் அங்கேயே நின்றேன். ஸ்ரீரங்கத்தில் என் மகளுக்கு அப்பாவாக வேறொருவன், நான் எழுதிய கிராணி, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.