முதல் இரண்டு வாரப் பக்கங்கள்

என் தங்கை கடிப்பாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு அப்போது எட்டு வயது. பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஜன்னல் கம்பிகளை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒவ்வொன்றாக நாக்கால் தொட்டுக்கொண்டே போவாள். சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது ஒரே சுருதியில் முனகுவாள்; முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்து, பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்ட மாதிரி ஒரு புன்னகை வீசுவார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'மந்த புத்தி' என்று எழுதியிருந்தது. கிழக்குத் தாம்பரத்தில் அவளைச் சேர்த்துக்கொள்ள ஒரு பள்ளிக்கூடம் இல்லை. ராஜகீழ்ப்பாக்கம் வரை நடையாய் நடந்து கேட்டோம், உதட்டைப் பிதுக்கினார்கள்.

எழுபதுகளின் நடுவில், நான் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படிக்கும்போது, சர்ச் ஹாலில் சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பு ஆரம்பித்தது. நடத்தியவர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு மேடம். 'ஆட்டிசம்' என்ற வார்த்தையை அவர் வாயில்தான் முதன்முதலில் கேட்டேன். தங்கையை அரை மணி நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இவளுக்குக் கத்துக்க வரும்மா. நமக்குத்தான் கத்துக் குடுக்கத் தெரியல" என்றார். அந்த ஒரு வரிக்கே நான் விழுந்துவிட்டேன். வருகிற ஜூன் மாதம் பகல் பள்ளி ஒன்று திறக்கப் போகிறார்கள், மொத்தம் ஆறே இடம், ஒரு கமிட்டி குழந்தைகளைப் பார்த்துப் பொறுக்கும் என்றார். "உன் தங்கச்சி சீட்டுக்கு நான் பொறுப்பு. நீ நான் சொல்றதைச் செய்."

அவர் சொன்னது ஒரு நோட்டு. பக்கத்துக்கு மூன்று கட்டம்: முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தாள், பின்னால் என்ன நடந்தது.

"முதல் ரெண்டு வாரம் நீ அக்கா இல்ல, கேமரா. தடுக்காதே, திட்டாதே, திருத்தாதே. பாத்ததை எழுது. ஒண்ணைக்கூட மறைக்காதே. இது உனக்கும் எனக்கும் மட்டும்தான்."

நான்தான் எதிலும் முதல் மார்க் வாங்குகிற ஜாதி ஆச்சே. சும்மா விடுவேனா? காலேஜிலிருந்து வந்ததும் நோட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவேன். மணி, நிமிஷம், எந்தக் கை, எவ்வளவு ஆழம், எல்லாம். ஒரு நாள் தங்கை கடித்த தன் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா கத்தினாள்.

"ரத்தம் வருதுடி! வேடிக்கை பாத்துக்கிட்டு எழுதிட்டிருக்க!"

"அம்மா, இது சயன்ஸ். இப்ப தடுத்தா டேட்டா கெட்டுப்போயிடும்."

"உன் சயன்ஸ்ல தீய வெக்க. டிங்சர் பாட்டில எடுத்துட்டு வா."

இரண்டு வாரத்தில் இருபத்து மூன்று கடி. ராத்திரி அந்தப் பக்கங்களை வரிசையாகப் படித்தபோதுதான் மண்டையில் உறைத்தது: பாதிக்கு மேல் முதல் கட்டத்தில் ஒரே விஷயம் இருந்தது. பம்ப் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. அந்த 'உஸ்' சத்தம். எங்களுக்கு அது காதில் விழுவதே இல்லை, அவளுக்குத் தாங்கவில்லை. மறுநாளே சண்டை போட்டு ஒரு திரி ஸ்டவ் வாங்க வைத்தேன். சமையலுக்கு நேரம் இழுக்கிறது என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனால் அந்த வாரம் இரண்டே கடி. நான் வீட்டுக்குள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

பிறகு பயிற்சி. கவுன் போட்டுக்கொள்ளச் சொல்லித்தர வேண்டும் என்றால் கடைசியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார் மேடம். தலை வழியாகப் போட்டு, கைகளை நுழைத்து, எல்லாம் நான் செய்துவிட்டு, கடைசி ஒரு சாண் மட்டும் அவள் இழுக்க வேண்டும். இழுத்த நொடியில் வாயில் ஒரு பிடி பொரி. அது பழகியதும் இடுப்பிலிருந்து, பிறகு தோளிலிருந்து. மூன்று மாதம் ஆனது. ஒரு காலை அவளே முழுக் கவுனையும் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"ஐயோ, முன்பக்கம் பின்னால போட்டிருக்கா!" என்று அம்மா சிரித்தாள். சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வகுப்புக்குக் கடற்கரைக் குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு மீன்காரம்மா தன் மகனைக் கூட்டி வருவார். அவனும் என் தங்கை மாதிரிதான். ஒரு சனிக்கிழமை என் முழங்கையில் பல்லைப் பதித்தான்.

"கட்சிட்டானா? பல்லு இன்னா கூரு பாத்தியா, சுறாக்குட்டி!" என்று அவன் தலையில் தட்டிவிட்டு என் கையை ஊதிவிட்டார். மேடம் அவருக்கும் ஒரு நோட்டுக் கொடுத்திருந்தார். அது வெள்ளையாகவே திரும்பி வந்தது. "எனுக்கு எய்தத் தெரியாது மேடம். வாயால வோணா சொல்றேன்." மேடமும் விட்டுவிட்டார்.

ஏப்ரலில் கமிட்டி கூடியது. ஒரு டாக்டர், சர்ச் செயலாளர், மேடம். அம்மா ஈஸ்டருக்குக் கட்டிய பட்டுப் புடவையில் வந்தாள். தங்கை கை கழுவிக் காட்டினாள். பெயர் சொன்னதும் எழுந்து வந்தாள். கவுனைக்கூட நேராகப் போட்டுக்கொண்டாள். முடிந்தது, சீட் கையில் என்று நான் நினைத்தேன்.

அப்போது டாக்டர் மேஜையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். என் நோட்டு. ரிப்போர்ட் டைப் அடிக்க வேண்டும் என்று போன வாரம் மேடம் கேட்டு வாங்கியது. அவர் முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்தார். இடது கை, மணிக்கட்டு, ரத்தம். வலது தோள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரெண்டு வாரத்துல இருபத்து மூணு. மத்த பிள்ளைங்களுக்கு ரிஸ்க்."

"சார், அது ட்ரெய்னிங்குக்கு முந்தி. பின்னால திருப்புங்க, ஸ்டவ் மாத்தினதுக்கப்புறம்—"

"அது நீ கூட இருந்து பழக்கினது. நீ கை வெக்காம விட்டா எப்படின்னு இந்த முதல் பக்கங்கள்தான் சொல்லுது. ரொம்ப நேர்மையா எழுதியிருக்கேம்மா."

நான் மேடத்தைப் பார்த்தேன். கை வைக்காதே என்று சொன்னதே அவர்தானே. ஒரு வார்த்தை போதும். அவர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

"ரெக்கார்டு அப்படித்தான் இருக்கு, சார்" என்றார்.

எங்களுக்குச் சீட் இல்லை. அடுத்து மீன்காரம்மா. கதவு திறந்தே இருந்தது, வெளியே நின்ற எங்களுக்கும் கேட்டது. கடிப்பானா என்று டாக்டர் கேட்டார்.

"அய்ய, எறும்பக்கூட மிதிக்க மாட்டான் சார்."

அவனுக்குச் சீட் கிடைத்தது. என் முழங்கைத் தழும்பைக் காட்டி ஒரே போடாகப் போட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. செய்யவில்லை. வெளியே வந்து அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"இன்னாத்துக்கும்மா அத்தினியும் எய்தி வெச்சே? எய்தத் தெரியாததால நான் பொயச்சேன். படிச்ச பொண்ணு, நீ மாட்டிக்கினியே."

ரயில்வே கேட்டில் எலெக்ட்ரிக் ட்ரெயினுக்காக நின்றபோது அம்மா ஒரே ஒரு தடவை பேசினாள்.

"இவ கடிக்கறத எட்டு வருஷமா நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலடி. உங்கப்பாவப் பெத்தவங்ககிட்டகூட சொல்லல. நீ எழுதிக் குடுத்துட்ட."

ஜூனில் பள்ளி திறந்தது. அக்டோபரில் எங்கள் காலேஜ் செமினாரில் மேடம் பேச வந்தார். நான் மூன்றாவது வரிசை. பாதிப் பேச்சில் வந்தது: ஒரு வீடு, ஒரு சிறுமி, விடாத கடி, யாரும் கவனிக்காத பம்ப் ஸ்டவ் சத்தம். "என்னோட அப்சர்வேஷன்ல இதைக் கண்டுபிடிச்சேன்." கைதட்டல். கேள்வி நேரம் என்றதும் எழுந்தேன்.

"அந்தப் பொண்ணு இப்ப எந்த ஸ்கூல்ல இருக்கா, மேடம்?"

அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. ஒரு வினாடிதான்.

"குழந்தைங்க விஷயம் கான்ஃபிடென்ஷியல். வெளியில சொல்லக் கூடாது" என்றார். அரங்கம் அதற்கும் மதிப்போடு தலையாட்டியது.

பிறகு சைக்கிள் ஸ்டாண்டு வரை அவரே என்னைத் தேடி வந்தார்.

"கோவமா? கமிட்டியில என்னால ஒரு அளவுக்கு மேல பேச முடியாதும்மா. ஆனா உன்னை மாதிரி எழுதறவங்க கிடைக்கறதில்ல. டிகிரி முடிச்சதும் பள்ளிக்கு வந்துடேன், அசிஸ்டென்டா."

"என் தங்கச்சியும் கூட வரலாமா?"

"அது முடிஞ்சுபோன விஷயம்."

"அப்ப என் நோட்டைக் குடுங்க."

"ஃபைல்ல சேர்த்தாச்சும்மா. இனிமே எடுக்க முடியாது."

சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் எல்லாவற்றையும் கொட்டினேன். வேலைக்கு வர மாட்டேன் என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிட்டதாகக் கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். அம்மா தட்டில் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். சாப்பிடு என்றாள். ஏப்ரலுக்குப் பிறகு அவளாகப் பேசிய முதல் வார்த்தை. சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், மாவு பிசையும்போது அவள் கையில் புதிதாக ஒரு சிவந்த தடம் பார்த்தேன்.

"எப்பம்மா கடிச்சா?"

"யாரும் கடிக்கல. அரிவாள்மணை கீறிடுச்சு."

அரை வட்டமாக, பல் பல்லாக இருந்தது. அம்மா மாவுக் கையாலேயே முந்தானையை இழுத்து அந்தக் கையை மூடிக்கொண்டு, போய்ப் படிக்கிற வேலையைப் பார் என்றாள்.